ஒன்பது ஏக்கரில் ஒரு ஏக்கர்

இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை 2005-இல் கிடைத்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை. சட்டமும் சமூகமும் பற்றி எழுதுவோர் பலர் இன்று இப்படி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் டெல்லியிலிருந்து தொடங்கித் தீர்ப்போடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கதை டெல்லியில் தொடங்கவுமில்லை, நீதிமன்றத்தில் முடியவுமில்லை.

மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு தந்த மிதாட்சரம், விதவைகளுக்கு வரையறுத்த உரிமை தந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம், இந்துச் சட்டத்தைத் தொகுக்க அமைந்த பி.என். ராவ் குழு, அந்தத் தொகுப்பு முடங்கியதும் 1951-இல் அம்பேத்கர் பதவி விலகியது எல்லாம் வாசகர் அறிந்தவை. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்சி என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூர்வீக நிலம் ஒன்பது ஏக்கர். தாய் இல்லை. தந்தைக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகன்கள் பிறப்பாலேயே ஆளுக்கு மூன்று ஏக்கர் உடையவர்கள். தந்தையின் மூன்று ஏக்கர் மட்டுமே மூவருக்கும் சமமாகப் பிரியும். மகளுக்கு ஒரு ஏக்கர், அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு நான்கு. குடியிருந்த வீட்டிலோ, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள மனம் வைக்கும்வரை அவள் பாகம் கேட்கவே முடியாது.

இந்த அநியாயக் கணக்கை முதலில் மாற்றியவை மாநிலங்கள். கேரளம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுக் குடும்ப உரிமையையே ஒழித்தது. ஆந்திரம் 1986-இல் மகளையும் பிறப்புரிமைப் பங்காளியாக்கியது. தமிழ்நாடு 1989-இல் அதைச் செய்தது. அதற்கு வேர் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு. ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டவர்கள் கையில் அன்று ஆட்சி இல்லை. மேடைப் பேச்சு சட்டப் பிரிவாக 60 ஆண்டுகள் பிடித்தன. அரசியல் முன்னே போனது, சட்டம் பின்னே வந்தது. வந்த சட்டமும் கைநடுங்கி எழுதப்பட்டது: 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு உரிமை இல்லை. செங்கல்பட்டுத் தீர்மானத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைப் பெண்கள் அநேகமாக எல்லோருமே இந்த ஒரு வரியால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தத் தடையை நீக்கியதுதான் 2005 திருத்தத்தின் உண்மையான பெருமை.

இப்போது கணக்கு சரி. மூவருக்கும் மும்மூன்று ஏக்கர். ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதைச் சொல்வது பட்டா. சட்டப் புத்தகத்தில் அதற்கு விடை கிடைக்காது. தந்தையின் காரியம் முடிந்த கையோடு விடுதலைப் பத்திரப் பேச்சு வந்துவிடும். "நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாச்சே", "நாளைக்கு உன் பிள்ளைக்குத் தாய்மாமன் வேண்டாமா?" என்பார்கள். பத்திர எழுத்தர் வாசகத்தைத் தயாராக வைத்திருப்பார்: தன் பாக பாத்தியத்தை மனப்பூர்வமாக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி விட்டுக்கொடுப்பதாக. சார்பதிவாளர் கேட்பது, எழுதிக்கொடுத்தவர் இவர்தானா, ஒப்புக்கொள்கிறாரா என்று. கைரேகை வைத்தாயிற்று. குடும்பத்துக்குள் எழுதப்படுவதால் முத்திரைத் தீர்வையிலும் சலுகை. பிறப்புரிமை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது அரைமணி நேரத்தில் கைமாறிவிடும்.

ஆய்வுலகத்துக்கு இது புதிதல்ல. சட்டம் தரும் உரிமைக்கும் கையில் இருக்கும் நிலத்துக்கும் உள்ள தூரத்தை பினா அகர்வால் 1994-இலேயே தெற்காசியா முழுவதற்கும் விரிவாகக் காட்டினார். பிறந்த வீட்டு உறவுக்காகப் பங்கை மறுக்கும் டெல்லிப் பெண்களை ஸ்ரீமதி பாசு 1999-இல் ஆராய்ந்தார். தமிழில் தீர்ப்புகளுக்கு உரை எழுதப் பலர் இருக்கிறார்கள். பத்திரங்களைப் படிப்பவர்கள்தான் அரிது. நம் சார்பதிவகங்களில் அடுக்கிக் கிடக்கும் விடுதலைப் பத்திரங்களைவிடப் பெரிய சமூக வரலாற்று ஆவணம் எது? ஒரே ஒரு வட்டத்தில், 1989-க்குப் பிறகு யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், தந்தை இறந்து எத்தனை நாளில், பிரதிபலன் எவ்வளவு என்று ஒருவர் தொகுத்தால், ஆயிரம் தீர்ப்புரைகள் சொல்லாததை அது சொல்லும்.

சட்டம் எழுதுவோருக்கும் அங்கேதான் வேலை இருக்கிறது. விட்டுக்கொடுக்கும் பங்கின் பரப்பும் சந்தை மதிப்பும் பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். சகோதரர்கள் இல்லாத தனி அறையில் மகளிடம் கேட்டுப் பதிய வேண்டும். தந்தை இறந்து ஓராண்டுக்குள் எழுதப்படும் விடுதலைக்குத் தீர்வைச் சலுகை கூடாது. அந்தச் சலுகையை மகளோடு பாகப்பிரிவினை செய்துகொள்ளும் குடும்பத்துக்கு இரட்டிப்பாகக் கொடுக்கலாம்.