புல்லை நிமிர்த்தும் கருவி

மாடல் ரயில் அமைக்கும் அன்பர்கள் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் செலவிடும் சிரத்தையில் சிறு பங்கைக்கூடத் தண்டவாளத்தின் இருமருங்கிலும் கிடக்கும் பூமிக்குச் செலவிடுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. குண்டூசித் தலையினும் சிறிய ரிவெட்டுகளை எண்ணிச் சரிபார்த்து, ஒன்று குறைந்தாலும் மனம் பொறாதவர்கள், அதே எஞ்சின் ஓடுகிற கரைமேட்டில் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத் தூவிவிட்டு, அதைப் புல் என்று ஒப்புக்கொண்டு திருப்தி அடைந்துவிடுவார்கள். மரத்தூளுக்குப் பின் நுரைத் துகள் வந்தது. நிறம் சற்றே மேம்பட்டது. ஆனால் புல்லின் லட்சணம் அதில் வரவில்லை. தரையில் படிந்து கிடப்பது புல் அல்ல. தரையிலிருந்து எழுந்து, தாள் தாளாகப் பிரிந்து, வெளிச்சத்தைத் தன் ஊடே விட்டு நிற்பதே புல். அந்த நிமிர்வைச் சிறிய அளவில் சாதித்துக் காட்டும் சாதனம் ஒன்று இன்று சாதாரண மனிதரின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. அதைக் கையிலெடுத்து, ஒரு மலைச்சரிவு முழுவதையும் அதனால் மூடிப் பார்த்த பிறகு எழுதுவது இந்தக் கட்டுரை.

ஸ்டாட்டிக் கிராஸ் என்று பொட்டலங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் நைலான் இழை. 1 மி.மீ. முதல் 12 மி.மீ. வரையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே நீளமாக வெட்டி, சாயம் ஏற்றி, மின்னேற்றத்தை வாங்கிக்கொள்ளும்படி மேலே ஒரு மெல்லிய பூச்சும் கொடுத்திருப்பார்கள். நகைப் பெட்டியின் உட்புறத்திலும், மோட்டார் காரில் சன்னல் கண்ணாடி வழுக்கி ஏறும் விளிம்பிலும் வெல்வெட்டாகத் தோன்றுவது இதே ஜாதி இழையே. மின்னேற்றத்தால் இழையை நிமிர்த்தி ஒட்டும், தொழிற்சாலைகள் வெகுகாலமாகக் கையாண்டுவந்த வித்தையைக் கைக்கு அடக்கமான கருவியாக ஆக்கி, ஜெர்மனியில் 1911-ல் தோன்றிய நோக் நிறுவனம் கிராஸ் மாஸ்டர் என்றும், அமெரிக்காவின் வுட்லண்ட் சீனிக்ஸ் ஸ்டாட்டிக் கிங் என்றும் பெயரிட்டு விற்கின்றன. இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்துப் பீக்கோவும் இந்த வரிசையில் உண்டு.

கருவியின் தத்துவம் எளிது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும் பள்ளிக்கூட வேடிக்கையில் உள்ள சக்திதான் இங்கே பல மடங்கு பெருகி, ஒழுங்குக்கு உட்பட்டு வேலை செய்கிறது. சிறிய பேட்டரி ஒன்றின் 9 வோல்ட்டை உள்ளிருக்கும் சர்க்யூட் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி, கருவியின் வாயிலுள்ள உலோகச் சல்லடைக்கு அனுப்புகிறது. மற்றொரு முனை, நீண்ட வயரின் நுனியிலுள்ள கிளிப்பின் வழியே, ஈரப் பசையில் குத்திவைத்த ஓர் ஆணியைப் பற்றிக்கொள்கிறது. சல்லடையைத் தொட்ட இழை அதன் மின்னேற்றத்தையே தானும் பெற்று, அதனாலேயே அங்கிருந்து விலக்கப்பட்டு, எதிர்முனையாகிய பசையை நோக்கிப் பாய்கிறது. மின்கடத்தும் பரப்பை மின்புலக் கோடுகள் செங்குத்தாகவே சந்திக்கும் என்பது இயற்கை நியதியாதலால், அந்தக் கோட்டின் வழியே வரும் இழையும் செங்குத்தாகவே வந்து குத்திட்டு நிற்கிறது. அடியிலிருக்கும் பலகையோ தெர்மோகோலோ மின்சாரத்தைக் கடத்தாது. ஈரமாக இருக்கும் வரையில் பசை மட்டுமே கடத்தும். ஆகவே ஆணி பசையைத் தொடாமல் பலகையில் மட்டும் குத்தியிருந்தால் எவ்வளவு உயர்ந்த கருவியும் இழையைக் கொட்டுமேயன்றி நடாது.

நான் மூட வேண்டியிருந்தது வட இங்கிலாந்தின் செட்டில் – கார்லைல் பாதையில் டென்ட் நிலையத்துக்கு மேலே எழும் சரிவு, 1:76 அளவில். மிட்லண்ட் ரயில்வே கம்பெனி 1869-ல் தொடங்கி, 1876-ல் பிரயாணிகளுக்குத் திறந்துவைத்த பாதை அது. அதன் 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைப் படத்திலேனும் பாராத ரயில் அபிமானிகள் அரிது. பாலத்துக்கு வடக்கே பிளீ மூர் சுரங்கத்தைக் கடந்தபின் வரும் டென்ட், கடல் மட்டத்துக்கு 1,150 அடி உயரத்தில், இங்கிலாந்தின் பிரதான ரயில் பாதைகளிலுள்ள நிலையங்களுள் மிக உயர்ந்ததாக இருக்கிறது. பனிக்காற்று தண்டவாளத்தை மூடிவிடாதபடி, பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நிறுத்திக் கட்டிய வேலி இன்றும் அச்சரிவில் நிற்கிறது. அத்தகைய பூமியில் வளர்வது எந்தப் புல் என்று தீர்மானித்த பிறகே பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

சுண்ணம் பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஓடுகின்றன. சுவருக்குக் கீழே உள்ள மேய்ச்சல் நிலத்தை ஆடுகள் ஒட்டக் கடித்துவிடுவதால், அது தரையோடு தரையாக, அடர்ந்த பசுமையாக இருக்கும். சுவருக்கு மேலே மலைப்புறம்போக்கு. அங்கே மொலீனியா, நார்டஸ் என்னும் புல் வகைகள் கற்றை கற்றையாக எழுந்து, குளிர்காலம் வந்ததும் வெளுத்து, வைக்கோலின் நிறத்தையும் சில இடங்களில் அதனினும் வெளிறிய நிறத்தையும் அடைந்துவிடும். ஒரே சுவர் இரண்டு நிறங்களையும் இரண்டு உயரங்களையும் பிரித்து நிற்பதுதான் அந்த நிலத்தின் முகம். இந்த அளவில் 2 மி.மீ. இழை நிஜத்தில் ஏறக்குறைய 15 செ.மீ. உயரப் புல்லாகும்; 4 மி.மீ. என்றால் 30 செ.மீ.; 6 மி.மீ. என்றால் 46 செ.மீ. ஆடு மேய்ந்த நிலத்துக்கு 2 மி.மீ. கூட அதிகம் என்பது கணக்கிலேயே தெரிகிறது. அங்கே 1 மி.மீ. இழையைத்தான் பயன்படுத்தினேன். 12 மி.மீ. இழையோ ஏறக்குறைய ஒரு கஜ உயரம். பொட்டலத்தில் அழகாக இருக்கிறதென்று அதை வாங்கி ரயில் கரையெங்கும் நடுபவர்கள், எஞ்சினின் சக்கரமே மறையும் ஒரு காட்டை உண்டாக்கிவிடுகிறார்கள்.

ரயில் கரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி காய்ந்த புல்லைப் பற்றிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருந்தமையால், பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் நீண்ட காம்புள்ள அரிவாள்களால் கரைப்புல்லை ஒட்ட அறுத்து, சில இடங்களில் தாமே முன்கூட்டித் தீயிட்டும் கரையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். 1968 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிரிட்டிஷ் ரயில்வே தனது பிரதான பாதைகளின் கடைசி நீராவிப் பிரயாணிகள் வண்டியை இதே பாதையில் செலுத்தி முடித்தபின், அந்த அவசியம் நீங்கியது. இங்கிலாந்தின் ரயில் கரைகளில் புல் உயர்ந்தது, புதர் வந்தது, புதருக்குப் பின் மரமும் வந்தது. ஆகவே 1950-களின் எஞ்சின் ஓடும் மாடல் ரயில் அமைப்பில் (லேஅவுட்டில்) கரைப்புல் இடுப்பளவு நின்றால், எஞ்சின் ஒரு காலத்தைச் சொல்ல, புல் வேறொரு காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டு விதமான கருவிகளை ஒரே சரிவில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்று, தேநீர் வடிகட்டி அளவேயுள்ள வாயும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்ட சிறிய கருவி. மற்றது, சுவரிலிருந்து அடாப்டர் வழியாக மின்சாரம் பெற்று, பெரிய கிண்ணத்தில் இழையைத் தாங்கும் கருவி. முதல் அடுக்கைப் பொறுத்தவரையில் இரண்டும் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தன. மண் நிறம் பூசி உலர்ந்த தரையில், தச்சர்களின் வெள்ளைப் பசையை அதிக நீர் கலக்காமல் தூரிகையால் தடவி, கிண்ணத்தைப் பாதியளவு மட்டும் நிரப்பி, இரண்டு செ.மீ. உயரத்தில் பிடித்து மெல்ல அசைத்தால், இலேசான சீறலோடு இழைகள் இறங்கி, இறங்கிய கணத்திலேயே எழுந்து நிற்கின்றன. பசை சற்று இறுகியபின், வாக்குவம் கிளீனரின் குழாய்வாயில் ஒரு நைலான் காலுறையை மாட்டி மேலாக இழுத்தால், ஒட்டாத இழை முழுவதும் காலுறையில் தங்கி மறுபடியும் பயன்படுகிறது. அதோடு, தாழ்ந்திருந்த சில தாள்களும் அந்த இழுப்பில் நிமிர்கின்றன.

கருவியின் தராதரத்தை நிர்ணயிப்பது இரண்டாவது அடுக்கு. மலைப்புல் ஒரே உயரத்தில் வெட்டிய கம்பளமாக ஒருபோதும் இருப்பதில்லை. குட்டைப் புல்லுக்கு நடுவே கற்றைகளாக உயர்ந்த புல் எழ வேண்டும். அதற்கு, உலர்ந்த முதல் அடுக்கின் நுனிகளில் அங்கங்கே பசையைத் தெளித்து, அதன்மேல் 4 மி.மீ., 6 மி.மீ. இழைகளை நட வேண்டும். ஆனால் அடியிலுள்ள பசை உலர்ந்துவிட்டபடியால், மின்சாரம் ஆணிக்குத் திரும்பும் பாதை இப்போது மிக நலிந்தது; மேலே தெளித்த சிறு ஈரம் ஒன்றே துணை. நீண்ட இழைக்கோ எடை அதிகம், அதை நிமிர்த்த அதிக பலம் வேண்டும். பேட்டரி புதிதாக இருந்தவரையில் சிறிய கருவி இதையும் ஒருவாறு சமாளித்தது. பேட்டரி தளரத் தொடங்கியதும் 6 மி.மீ. இழைகள் பாதி நிமிர்ந்து பாதி சாய்ந்து, மழையில் நனைந்த வைக்கோலின் கோலத்தை எய்தின. அடாப்டரில் ஓடிய கருவியின் பலம் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே சீராக நின்றது. அதன் குறை வேறு: பரந்த வாயாதலால், ஒரு நாணயத்தின் அகலத்தில் ஒரு கற்றையை நடலாம் என்றால் உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டிவிடுகிறது. சல்லடையின் பெரும்பகுதியை மறைத்து, நடுவில் சிறு துளை மட்டும் விட்ட அட்டை ஒன்றைப் பொருத்தியபின் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது.

செங்குத்தாக நிறுத்துவது இக்கருவியின் பெருமை. சரிவான பூமியில் அதுவே ஒரு பிசகாகவும் ஆகிறது. நிஜப் புல் மலைச்சரிவிலும் வானத்தை நோக்கியே எழும். கருவி நட்ட இழையோ சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக, வெளிப்புறம் நீட்டிக்கொண்டு நிற்கும். 2 மி.மீ. இழையில் இது கண்ணுக்குத் தெரியாது, 6 மி.மீ. இழையில், பக்கவாட்டிலிருந்து பார்த்தால், முள்ளம்பன்றியின் முதுகு தெரியும். பசை இறுகுமுன் உலர்ந்த மெல்லிய தூரிகையால் கற்றைகளைத் தொட்டும் தொடாமலும் கீழ்ப்புறமாக ஒரு முறை தடவிவிடுவதே போதுமான பரிகாரம். பனியின் பாரத்தில் சாய்ந்து, காற்றில் படுத்த மலைப்புல்லின் தோற்றமும் அதனால் வந்துசேர்கிறது. மின்புலம் முனைகளில் குவிகிற சுபாவமுடையதாதலால், ஆணியைச் சுற்றியும் பாறை விளிம்புகளிலும் இழை அளவுக்கு மீறிச் சேரும். ஆணியை அடிக்கடி இடம் மாற்றி, சேர்ந்ததைச் சிம்டாவால் களைய வேண்டும்.

காற்றின் ஈரப்பதம் கருவியைக் காட்டிலும் முக்கியமானது என்றுகூடச் சொல்லலாம். ஈரம் மிகுந்த நிலவறையில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, மின்னேற்றமும் காற்றிலேயே கசிந்துபோகிறது. ஹீட்டர் எரிந்து வறண்ட அறையிலோ இழையின் மேற்பூச்சு காய்ந்து மின்னேற்றத்தை வாங்க மறுக்கிறது. இழைப் பொட்டலங்களை மூடியிட்ட டப்பாவில் வைத்து, மிதமான நாளில் வேலை செய்வதே உத்தமம்.

வேலை தொடங்குமுன் எஞ்சின்களையும் கண்ட்ரோலரையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். கிளிப்பைத் தண்டவாளத்தில் மாட்டுவது கூடவே கூடாது. எஞ்சினுக்குள் இருக்கும் நுண்ணிய டிகோடர்கள் இந்த வோல்ட்டைத் தாங்கமாட்டா. சல்லடையைத் தொட்டால் சுரீரென்று ஒரு கடி கிடைக்கும். மின்னோட்டம் மிகச் சொற்பமாதலால் ஆரோக்கியமான மனிதருக்கு அதனால் தீங்கில்லை. இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் இக்கருவியை எடுக்கலாகாது.

ஒரு லேஅவுட்டின் பூமிக்காக வாழ்நாளையே கொடுத்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறிய ராய் இங்லண்ட், ஆக்ஸ்போர்டுஷயரின் லாங் விட்டனம் கிராமத்தில் 1954-ல் ஆரம்பித்த பெண்டன் மியூசியத்தில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் பிரதேசத்தை இதே 1:76 அளவில் வீடு வீடாக, தோட்டம் தோட்டமாக நிலைநிறுத்தும் பணி பல தலைமுறைத் தொண்டர்களின் கைகளில் தொடர்ந்து நடந்துவருகிறது. அங்கே ரயில், நிலத்தின் ஊடே செல்லும் ஒரு விருந்தாளி, நிலமே கதாநாயகன். அந்த மனோபாவத்தோடு வேலையில் இறங்குபவருக்கு இந்தக் கருவி பெரும் துணை. வெறும் பச்சைக் கம்பளம் போதும் என்பவருக்கு ரெடிமேடாகக் கிடைக்கும் புல்விரிப்பே போதும்; கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர் வோல்ட்டின் எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல், அடாப்டரில் ஓடுமா, சல்லடையைக் கழற்றிச் சிறியதும் பெரியதும் மாற்றி மாட்ட முடியுமா, கிளிப் வயர் லேஅவுட்டின் மறுகரை வரையில் எட்டுமா என்ற மூன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். லேஅவுட் ஒரே பலகை அளவில் அடங்குமானால், பக்கத்திலுள்ள மாடல் ரயில் கிளப்பில் இரவல் வாங்கி ஒரு வார முடிவில் வேலையை முடித்துக்கொள்ளலாம். அப்படி மிச்சமாகும் பணத்தில் வைக்கோல் நிறத்து 4 மி.மீ., 6 மி.மீ. இழைகளைத் தாராளமாக வாங்கலாம். டென்ட் போன்ற மலைப் பிரதேசத்துக்குப் பச்சையில் சிறிய பொட்டலம் ஒன்று இருந்தால் போதும்.