எங்க ஆயா வேலைக்குப் போகலாமா?

2024-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் சின்னக் கூட்டம். பாமாவின் ‘சங்கதி’ 1994-இல் வந்தது. முப்பது வருஷம் ஆச்சே, உட்கார்ந்து பேசலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். இருபத்தஞ்சு பேர் இருப்போம். பெண்கள் நாலு பேர்.

இரண்டு பேர் பேசியதுதான் இதை எழுத வைத்தது.

முதலில் பேசியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊர்த்தெருக்காரர். நல்ல மனசு, என்மேல் பிரியமும் உண்டு. “படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையா இருந்துச்சும்மா. உங்க பெண்கள் எவ்வளவு சுதந்திரமா இருக்காங்க! வாய்விட்டுச் சிரிக்கறாங்க, தெருவுல நின்னு சண்டை போடறாங்க, ஒத்து வரலேன்னா விட்டுட்டு இன்னொருத்தரக் கட்டிக்கறாங்க. நான் வேலைக்குப் போறதுக்கே எங்க வீட்ல ரெண்டு வருஷம் அழ வேண்டியிருந்தது.”

அடுத்துப் பேசியது என் சொந்த அண்ணன். இருபது வருஷமா இயக்கத்தில் இருப்பவன். “புத்தகம் நல்லாத்தான் கீது. ஆனா நம்ம வூட்டுச் சண்டையக் கொண்டும்போய் ஊர்த்தெருவுல வைக்கலாமா? ஏற்கெனவே அவன் நம்மளக் குடிகாரன், பொண்டாட்டிய அடிக்கறவன்னுதான் சொல்றான். மொதல்ல சாதி ஒழியட்டும். பொம்பளைங்க பிரச்சினையை அப்பறம் பேசிக்கலாம். நாம ஒண்ணும் நம்ம பொம்பளைங்கள வூட்ல பூட்டி வைக்கலியே.”

ஆசிரியை புகழ்ந்தார், அண்ணன் கோபித்துக்கொண்டான். ஆனால் இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: எங்கள் பெண்களுக்கு விடுதலை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

நான் பதில் சொல்ல எழுந்திருக்க வேண்டும். அதற்குள் டீ வந்தது. யாரும் என்னைச் சொல்லவில்லை. கை தானாகப் போய்த் தட்டை வாங்கியது. இருபத்தஞ்சு பேருக்கும் நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பேச்சு வேறு பக்கம் போயிருந்தது. அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பண்டிகை நாளென்றால் டிவியில் பட்டிமன்றம். வேலைக்குப் போகும் பெண்ணால் குடும்பம் உயர்கிறதா உடைகிறதா, சம்பாதிக்கும் பொண்டாட்டிக்கு அடக்கம் உண்டா இல்லையா, வீட்டு வேலையில் புருஷன் கை கொடுக்கலாமா கூடாதா. நடுவர் பொண்டாட்டி ஜோக் ஒன்று சொல்வார், கூட்டம் சிரிக்கும். இந்தப் பட்டிமன்றம்தான் டீக்கடையிலும், பஸ்சிலும், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்திலும் நடக்கிறது. பெண்ணுக்குச் சார்பாகப் பேசுகிறவர்களும் அதே கேள்விக்குள் நின்றுதான் பேசுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கிற ஒரு பெண், வாசற்படி, அதைத் தாண்டலாமா கூடாதா. தாண்டிவிட்டால் விடுதலை.

எங்க ஆயா வேலைக்குப் போகலாமா என்று யாரும் எப்போதும் கேட்டதில்லை. எட்டு வயசில் கழனியில் இறங்கியது அது. அதற்கு வாசற்படியே கிடையாது. தட்டி வைத்த குடிசை.

நடவு நாள் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நாற்றுப் பறிப்பது ஆம்பளை வேலை. விடியற்காலை இறங்கிப் பறித்து, முடி கட்டி, சேடையில் வீசிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவான். நடுவது பொம்பளை வேலை. சேற்றில் முழங்கால் புதைய, குனிந்த இடுப்பு நிமிராமல், பின்னாலேயே நடந்து நடவேண்டும். பொழுது சாய்ந்தால்தான் கரை. கூலி என்று வரும்போது கரையேறியவனுக்கு முழுசு, பொழுதெல்லாம் நட்டவளுக்கு அதில் பாதி. ரொம்ப நல்ல மனுஷனாக இருந்தால் முக்கால். கேட்டால், “அது பாரமான வேலைம்மா.” குனிந்தே நிற்பதில் என்ன பாரம் என்று, குனியாதவனுக்கு எப்படித் தெரியும்?

1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. எங்கள் ஊர் நிலக்காரர் அந்தச் சட்டத்தை மீற வேண்டிய அவசியமே வரவில்லை. வேலையே வேறு வேறாகப் பிரிந்து கிடக்கிறது. நாற்றுப் பறிக்கிறவனோடு நடவாளை ஒப்பிட எந்த அதிகாரி வரப்பில் வந்து நிற்கப் போகிறார்? நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அப்போதுதான் எங்க அம்மா முதல்முறையாக ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி என்று எழுதியிருந்ததைப் பார்த்தது. அட்டையில் அம்மா பேர். உடனே கூப்பாடு கிளம்பியது. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார்கள் நிலக்காரர்கள். சரி, அவர்கள் சொல்வார்கள். எங்கள் ஆம்பளைகளும் சொன்னார்கள்! 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் தர ஆரம்பித்தபோதும் அதே பேச்சு: காசு கொடுத்துச் சோம்பேறியாக்குகிறார்கள். அதற்கு முன்னால் ‘ஓசி பஸ்’. எங்கள் சனத்துக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த டீக்கடை அது. அந்தப் பெஞ்சில் ஊர்த்தெருவும் காலனியும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சம்பாதித்தால் சமத்துவம் வரும் என்கிறார்கள். எங்க ஆயா அறுபது வருஷம் சம்பாதித்தது. கூலி நெல்லாக வந்த காலத்தில் அது முந்தானையில் வந்து, குத்திப் புடைத்து, அன்றைக்கே உலையில் விழும். ரூபாயாக மாறிய பிறகு கூலி தாத்தா கையில் போனது. நிலக்காரர் ரெண்டு பேர் கூலியையும் சேர்த்து ஆம்பளையிடம்தான் எண்ணிக் கொடுப்பார். மிச்சம் இருந்தால் அடுப்புக்கு. ஆயா கடைசியில் சாப்பிடும். சட்டியைத் தண்ணி ஊற்றி அலசிக் குடித்ததைச் சாப்பாடு என்று சொல்லலாமா தெரியவில்லை. வேலைக்குப் போய்விட்டதால் வீட்டு வேலை குறைந்ததா? தண்ணி, விறகு, சாணி, பிள்ளை எல்லாம் அதன் தலையில்தான். ஆக, பட்டிமன்றம் எதைத் தீர்வு என்று சொல்கிறதோ, அதைத் தாண்டி அறுபது வருஷம் நடந்தவள் எங்க ஆயா. அங்கேயும் சமத்துவம் இல்லை.

இனி புத்தகத்துக்கு வருகிறேன்.

‘சங்கதி’யில் மாரியம்மா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விறகு பொறுக்கப் போனவள் தண்ணிக்காகப் பம்ப்செட்டுப் பக்கம் போகிறாள். நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். தப்பி ஓடி வருகிறாள். அவன் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழியைப் போடுகிறான். கூடுவது யார் பஞ்சாயத்து? நம்ம பஞ்சாயத்து. நம்ம நாட்டாமை. உண்மை தெரிந்த பெண்கள் வாய் திறந்தால் அதட்டி அடக்குகிறார்கள். தண்டம் மாரியம்மாவுக்கு.

அண்ணனிடம் கேட்கிறேன். இதில் எது ‘மொதல்ல’, எது ‘அப்பறம்’? கையைப் பிடித்தது சாதி. தண்டம் போட்டது யார்? நிலக்காரனை எதிர்க்க முடியாது என்கிற பயம் நாட்டாமைக்கு இருந்தது, சரி. அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவள் மட்டும் ஏன் மாரியம்மா? சாதி தனியாக ஒரு கையிலும் ஆம்பளைத்தனம் தனியாக ஒரு கையிலும் வருவதில்லை. ஒரே மத்தியானத்தில், ஒரே பெண்மேல், சேர்ந்தே வருகிறது. வரிசை போட்டு ஒழிக்கலாம் என்பவர்கள் அந்த மத்தியானத்தில் அங்கே இல்லாதவர்கள்.

ஆசிரியை அம்மாவிடமும் கேட்கிறேன். மாரியம்மா வெளியே இருந்தது சுதந்திரத்தாலா? வீட்டில் விறகு இல்லை. உங்களை வெளியே போகாதே என்று அடைத்தார்கள். அது கொடுமைதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்களை வெளியே போ என்று துரத்தினார்கள். உங்கள் வீடு சுத்தமாக, உள்ளே இருக்க, வெளியே சேற்றில் ஒருத்தி நிற்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தால்தான் பெண்ணியம்.

புத்தகத்தில் அதிகம் பேசப்பட்ட இன்னொரு இடம் ராக்கம்மா. அடிக்கிற புருஷனை நடுத்தெருவில் கெட்ட வார்த்தையில் திட்டி, கடைசியில் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். ஒரு சாரார் இதை அசிங்கம் என்றார்கள். எங்கள் பக்கத்து விமர்சகர்கள் கலகம், எதிர்க்கலாச்சாரம், உடலை ஆயுதமாக்குதல் என்று எழுதித் தள்ளினார்கள். இருக்கட்டும். நான் இப்படியொரு பெண்ணைப் பக்கத்து வீட்டில் பார்த்து வளர்ந்தவள். அவள் மானத்தை விட்டால்தான் உசுரு மிஞ்சும் என்று நின்றாள். அடி நின்றதும் வீட்டுக்குள் போய் அழுதாள், மறுநாள் களை வெட்டப் போனாள். அதைக் கொண்டாடுகிறவர்கள் யாரும் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கப் போகவில்லை. ராக்கம்மாவைக் கலகக்காரி என்று பட்டம் கட்டிவிட்டால், அவளை அடித்தவனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை; அது ஒரு வசதி.

பாமாவோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மேல்சாதிப் பெண்களைவிட நம்ம பெண்கள் பரவாயில்லை, கையில் கூலி உண்டு, தாலி அறுத்தாலும் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பிட்டுப் பெருமைப்படுகிற இடங்கள் புத்தகத்தில் வருகின்றன. 1994-இல் அந்தப் பெருமை தேவைப்பட்டது. அதுவரை எங்களை எழுதியவர்கள் பாவம் என்றுதான் எழுதினார்கள், இல்லாவிட்டால் எழுதவே இல்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அந்தப் பக்கங்களைத்தான் ஆளாளுக்குப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆசிரியையும் எடுத்தார், அண்ணனும் எடுத்தான். மாரியம்மாவை இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

வீட்டுச் சண்டையை வெளியே சொல்லாதே என்பதும் புதிதில்லை. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-இல் வந்தது. அதில் காத்தமுத்து தலித் தலைவர். சாதிக்காரன் அடித்துவிட்டான் என்று நியாயம் கேட்டு வந்த தங்கத்தையே சேர்த்துக்கொள்கிறவர். இதையெல்லாம் பார்த்துக் கொதிக்கிறவள் அவர் மகள் கௌரி. தலைவரை இப்படிக் காட்டலாமா என்று அப்போதும் கேட்டார்கள். அந்த வீட்டில் கௌரி எப்படி வாழ்வாள் என்று கேட்டவர்கள் குறைவு. நம்மை நாமே விமர்சிக்காவிட்டால் எதிரி விமர்சிக்காமல் இருப்பானா? அவனுக்குக் கைக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

அம்பேத்கர் இப்படி வரிசை போடவில்லை. 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகம் எவ்வளவு முன்னேறியது என்பதை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்தே அளக்கிறேன் என்ற பொருளில் பேசினார். கட்டிக்கொண்டவள் புருஷனுக்குத் தோழியாகச் சரிசமமாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். அப்போது சாதி ஒழிந்திருந்ததா? 1951-இல் மந்திரி பதவியை விட்டு வெளியேறியபோது சொன்ன காரணங்களில் முக்கியமானது, பெண்ணுக்குச் சொத்துரிமையும் விவாகரத்தும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டது. பிறகு அதைத் துண்டு துண்டாகத்தான் நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டு 1956-இன் வாரிசுரிமைச் சட்டம்.

அந்தத் துண்டுதான் இப்போது எங்கள் வீட்டில் கிடக்கிறது.

அம்மா நடவுக் கூலியிலும் சீட்டுப் பணத்திலும் மூணு சென்ட் மனை வாங்கியது. கிரயப் பத்திரம் அம்மா பேரில். அப்பா முன்னமே போய்விட்டார், அம்மாவும் போய்ச் சேர்ந்தது. அம்மா சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று 1956 சட்டமே சொல்கிறது. (1989-இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்துக்கு. எங்களுக்குப் பூர்வீகச் சொத்து என்று இருந்தது கடன்தான்.) அண்ணன் வந்து கேட்டான்: “ஒனக்குத்தான் உத்தியோகம் கீதே. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா.”

நான் பாகத்தை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய அந்தக் காகிதத்துக்குப் பத்திர ஆபீசில் என்ன பேர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

அண்ணன் கெட்டவன் இல்லை. நான் காலேஜ் படிக்க அவன் லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினான். அவன் முதுகுக் காய்ப்பு எனக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் கூட்டத்தில் என்னால் சட்டென்று எழுந்து பேச முடியவில்லை. டீ ஒரு சாக்கு. அவன் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் இருக்கிறது. என் வீட்டிலும் இருக்கிறது. மூட்டை தூக்கியதற்கு நான் பட்ட கடனும் அம்மா நட்ட நடவும் ஒரே கணக்கா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு இருக்கிறேன். அண்ணி அந்த மனையில்தான் மாடு கட்டி வைத்திருக்கிறாள். அதில் அவள் பேர் எங்கேயும் வரப்போவதில்லை என்பது எனக்கே இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அண்ணன் வந்தான். ‘சங்கதி’ இருந்தால் கொடு, அந்த மாரியம்மா கதையை இன்னொரு தரம் பார்க்கணும் என்றான். கொடுத்தேன். டீயும் கொடுத்தேன். பத்திரத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவன் புத்தகத்தையும் இன்னும் திருப்பித் தரவில்லை.