ஆறாவது தட்டு

இசையமைப்பாளர் கிளாரன்ஸ் பார்லோவின் பெயரை எடுத்தாலே, "இசைக்குள் வழிதவறி வந்த கணக்காளர்" என்று ஒதுக்குகிறவர்கள் மின்னொலி இசை ரசிகர்களிலேயே அதிகம். அவர் 1945-இல் கல்கத்தாவில் பிறந்தார். அங்கே அறிவியல் பட்டம் பெற்று, 1968-இல் கொலோனுக்குப் போய், சிம்மர்மானிடமும் ஸ்டாக்ஹவுசனிடமும் பயின்றார். ரசிகர்களின் மனம் இன்றும் அந்த ஆசிரியர் ஸ்டாக்ஹவுசனிடம்தான். 1956-இல் அரங்கேறிய அவருடைய 'கெஸாங் டெர் யூங்லிங்கே' எட்டிய உயரத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவின் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டக் கோயில்களின் உறுமி மேளத்தில் பழகிய காதுக்கு நெருங்கியவர் பார்லோதான் என்பது என் கட்சி.

'சோலுவோட்டோபூஸ் இஷ்லெட்மெசி' என்ற பியானோ படைப்புக்காக 1975 முதல் 1979 வரை உழைத்த காலத்தில், தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் அவர் ஓர் எடை கண்டார். ஆறு தட்டை மும்மூன்றாகப் பிரித்தால் 5, 0, 2, 4, 1, 3. இரண்டிரண்டாகப் பிரித்தால் 5, 0, 3, 1, 4, 2. எண் சிறியதாக இருக்கும் தட்டை உதிர்த்தாலும் தாளம் நிற்கும். பெரியதை உதிர்த்தால் கலைந்துபோகும். முதல் தட்டுக்கு 5 கிடைப்பதில் வியப்பில்லை. ஆறாவதைப் பாருங்கள். எப்படிப் பிரித்தாலும், பிரிவின் தலையில் நிற்காத தட்டுகளில் அதற்குத்தான் எடை அதிகம். அடுத்த சுற்றைக் கையைப் பிடித்து அழைத்து வருவது அதுதான். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒலியை இழுத்து, சமத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த இடத்திலிருந்துதான். சாமி வந்து ஆடுகிறவரின் கால் அதற்காகத்தான் காத்திருக்கிறது. நம் கலைஞர்கள் கையில் வைத்திருந்ததை பார்லோ எண்ணில் எழுதினார். பிறகு அட்டாரி கணினியில் அதை 'ஆட்டோபஸ்க்' என்ற நிரலாக மாற்றி, தாளம் கட்டுக்கோப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்வதையே இசையாக்கினார்.

கணக்கு சரி, பாவம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கணக்கு தீர்ந்ததும் சுவையும் தீர்ந்துவிடும் படைப்புகள் அவரிடம் உண்டு. ஆனால் 1984-இல் முடித்த 'இம் யானுவார் அம் நீல்' அந்த வகையல்ல. இரைச்சலில்லாத ஒலிகளை மட்டுமே கொண்ட ஜெர்மன் வாக்கியங்களை அமைத்து, அவற்றின் அதிர்வுகளைப் பகுத்து, தந்திக் கருவிகளிடம் பிரித்துக் கொடுத்தார். கருவிகள் பேச வாயெடுத்து, சொல் ஆவதற்கு முந்தைய கணத்திலேயே நின்றுவிடுகின்றன. நாதஸ்வரத்தில் பாட்டின் சாகித்தியத்தையே கேட்கத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியாமல் போகாது. எண்ணிக்கையால் வந்தது என்பதற்காக ஒரு தவிப்பைப் பொய் என்பதானால், கோர்வை முடிந்து சமத்தில் விழும்போது சபை முழுக்க எழும் "ஆகா"வையும் பொய் என்றே சொல்ல வேண்டும்.

2023-இல் பார்லோ பார்சிலோனாவில் காலமானார். இங்கோ செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவருகின்றன. திருவிழா ஊர்வலங்களில் பதிவு செய்த தாளத்தையே ராட்சத ஒலிபெருக்கிகள் திரும்பத் திரும்ப அலறுகின்றன. மின்கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. பார்லோவை ரசிப்பவனுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பதிவில் ஆறு தட்டும் ஒரே எடையில் இடிக்கின்றன என்பதே என் குறை. தாழ்சுருதியை உச்சத்துக்கு ஏற்றிவைத்தவர், பக்கத்தில் உயிரைக் கொடுத்து வாசிக்கும் உறுமிக்காரரின் ஆறாவது தட்டையும் சேர்த்தே அமுக்கிவிடுகிறார்.