பெல்ட் போடச் சொல்லும் கலை

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர்களுக்குக் கச்சேரி என்றால் நவராத்திரி மண்டபம்தான். அங்கே கைதட்டக் கூடாது. அந்தக் காதோடு டேவிட் ஹோம்ஸைக் கேட்டால் முதலில் கொஞ்சம் திகைக்கும். அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் விமானத்தில் பணியாளரான இவர், 2009-ல் பாதுகாப்பு அறிவிப்பை ராப் பாட்டாகவே பாடிவிட்டார். பக்கவாத்தியம் பயணிகள். காலை உதையுங்கள், கையைத் தட்டுங்கள் என்று தாளத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, மைக்கும் கையுமாக இவர் பாட்டில் இறங்குகிறார்.

எனக்கு அது நிரவல் கேட்பது போலத்தான். பெல்ட், ஆக்சிஜன் மாஸ்க், அவசர வழி: இந்தச் சாகித்தியத்தில் எதையும் விட்டுவிட முடியாது, சட்டம் ஒப்பாது. பாடுகிறவருடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம் இடைவெளிகளில்தான். அதே நிறுவனத்தில் 2014-ல் புகழ்பெற்ற மார்ட்டி காபுக்குப் பாட்டுகூட வேண்டியிருக்கவில்லை. வழக்கமான அறிவிப்புத் தொனியிலேயே ஆரம்பித்து, வாக்கியம் முடியும் இடத்தில் லேசாக வளைப்பார். அரைத்தூக்கத்தில் இருப்பவரும் நிமிர்ந்துவிடுவார்.

பிலிப்பைன்ஸின் செபு பசிபிக்கில் 2010-ல் லேடி காகா பாட்டுக்கு ஆடிக்கொண்டே லைஃப் ஜாக்கெட் மாட்டிக் காட்டினார்கள். ஜோர்தான். ஆனால் பார்க்கிறவர் கண் ஆட்டத்தை விட்டு ஜாக்கெட்டுக்கு வருமா? 2014 ஹோலியன்று ஸ்பைஸ்ஜெட்டில் பணியாளர்கள் நடுவானில் ஆடியதற்கு, இரண்டு விமானிகளைப் பணியிடைநீக்கமே செய்தார்கள்.

ஏர் இந்தியா 2024-ல் வெளியிட்ட ‘சேஃப்டி முத்ராஸ்’ படத்தில் கதகளி, மோகினியாட்டம், பரதம் என்று எட்டு நடனங்கள். இசை சங்கர் மகாதேவன். நல்ல யோசனை. நடைவழியில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, விரல் சேர்த்து வாசலைக் காட்டும் பணிப்பெண் செய்வதும் அபிநயம்தானே! என்ன, படம் படம்தான். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டவரை அது கூப்பிடாது.

தமிழில் இந்த வித்தையை விமானிகள்தான் கையில் எடுத்தார்கள். இண்டிகோவின் பிரதீப் கிருஷ்ணன் வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோல் பேசுவார். ப்ரிய விக்னேஷ் 2020-ல், மதுரை போகும் வழியில், கீழே காவிரியும் கொள்ளிடமும் பிரிவதையும் நடுவே ஸ்ரீரங்கத்தையும் தமிழில் சொல்லிக் காட்டினார்.

நம் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது சொல்ல விஷயமா இல்லை? வருஷத்துக்கு இரண்டு தடவை பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காக விமானங்களை நிறுத்திவிட்டு, இந்த ஓடுதளத்தைத் தாண்டித்தான் சுவாமி சங்குமுகம் போகிறார். நான் வந்த விமானங்களில் வெளியே எத்தனை டிகிரி என்று மட்டும்தான் சொன்னார்கள்.