கோபுர மணியும் ஓலைச் சுவடியும்

ஐரோப்பிய யாத்திரை பற்றித் தமிழில் வந்துள்ள புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆண்டிபட்டி போன்ற சிற்றூரின் நூலக அலமாரியில்கூட அவற்றுக்கென்று ஒரு வரிசை இருக்கும். பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு பழைய சர்வகலாசாலையைப் பற்றி ஓர் அத்தியாயம் தவறாது. அந்த அத்தியாயங்களை மட்டும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஊர்தான் வேறு, கட்டுரை ஒன்றேதான். மழை தூறிக்கொண்டிருக்கும். கல் பாவிய சந்து, கொடி படர்ந்த சுவர். கோபுரத்துக் கடிகாரம் மணி அடிக்கும். சைக்கிளில் ஒரு மாணவி போவாள். ஹைடல்பர்க் என்றால் 1386 என்ற வருஷமும், குறும்பு செய்த மாணவர்களை அடைத்துவைத்த சிறை அறையும், அதன் சுவர்களில் அவர்கள் கிறுக்கிய படங்களும் வரும். பிறகு ஒரு பெருமூச்சு. நம் நாட்டிலும் நாளந்தா இருந்ததே என்று ஒரு வாக்கியம். அடுத்த அத்தியாயத்தில் ஆசிரியர் ரயில் ஏறிவிடுவார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. கோபுரம் இருக்கிறது, மணி அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் ஊரை ஒட்டிய சக்கம்பட்டிக்கு ஒருவர் வந்து, தெருவின் நீளத்தையும் திண்ணையின் உயரத்தையும் எழுதி, தறிச் சத்தத்தை ‘இனிய ஓசை’ என்று பாராட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? நூல் எங்கிருந்து வருகிறது, சேலை எங்கே போகிறது, நெய்கிறவனுக்குக் கூலி என்ன என்று அவர் கேட்கவே இல்லை. நெசவாளர் தெருவைப் பற்றி எழுதினார் என்று அதைச் சொல்ல முடியுமா? சர்வகலாசாலை என்பதும் ஒரு தொழில் நடக்கும் இடம்தான். அங்கே என்ன கேள்வி கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள், எந்தப் பதிலை வெளியே விட்டார்கள், எதைப் பெட்டியில் பூட்டினார்கள் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய காட்சி.

நேரம் இல்லை, இரண்டு மணி நேரத்தில் என்ன பார்ப்பது என்று யாத்திரிகர் கேட்கலாம். தனிநாயகம் அடிகளும் ஊர் ஊராகப் போனவர்தான். ‘ஒன்றே உலகம்’ எழுதியவர். அவர் போன இடங்களில் நூலகத்தைத் திறக்கச் சொன்னார். 1679-ல் அச்சான புரோயன்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் அவரே. 1966-ல் அது மறுபடி அச்சாகிக் கைக்கு வந்தது. எல்லாரும் அகராதி கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அலமாரி இருப்பதையாவது கவனிக்கலாம்.

கவனிக்காததால் எவ்வளவு நஷ்டம் என்று காட்ட ஒரே ஓர் ஊர் போதும். ஜெர்மனியில் ஸாலே நதிக்கரையில் உள்ள ஹாலே. அதன் சர்வகலாசாலை 1694-ல் தோன்றியது. வயதைப் பார்த்து வியக்கிறவருக்கு இது ஏமாற்றம்தான். (1817-ல் விட்டன்பர்க் சர்வகலாசாலை இதனோடு சேர்ந்ததால் 1502 வரை பின்னுக்கு எண்ணிக்கொள்ள ஒரு வழி உண்டு.) ஆனால் தமிழனுக்கு ஹைடல்பர்க்கைவிட நெருக்கமான ஊர் இது. இங்கே பேராசிரியராயிருந்த பிராங்கே என்பவர் ஓர் அநாதை விடுதியும் பள்ளிகளும் அச்சகமும் நிறுவினார். அவரிடம் சிறிது காலம் படித்த சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, குறிப்புகளோடு ஒரு பட்டியலும் எழுதிவிட்டார். திருக்குறள் அதில் உண்டு. ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துக்கள் கப்பலேறி 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்தன. லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயிலேயே அச்சாயிற்று.

இந்த இடத்தில் வேறொரு வகை யாத்திரிகர் வந்துவிடுவார். கோபுரத்தைப் பார்க்காமல் நேரே ஓலைச் சுவடியிடம் போய், கண் கலங்கி, ‘அந்நியன் போற்றுகிறான் நம் தமிழை’ என்று எழுதுகிறவர். மணி ஓசையில் மயங்கியவருக்கும் இவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அவர் கல்லைக் கண்டு கைகூப்பினார், இவர் ஓலையைக் கண்டு கைகூப்புகிறார். சுவடி அங்கே போன பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்று இருவருமே கேட்கவில்லை.

நேர்ந்தது இதுதான். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, ஏட்டையும் மக்களையும் கேட்டறிந்து, 1713-ல் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். இவர்களை அனுப்பியது அந்த மதத்தை வேரறுக்கவே தவிர, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது பிராங்கேயின் எண்ணம் என்று சொல்வார்கள். நூல் பெட்டிக்குள் போயிற்று. எழுதியவர் 1719-ல், முப்பத்தாறு வயதில் காலமானார். அவர் பெயரோடு அது அச்சேறியது 1867-ல், அதுவும் சென்னையில்.

சீகன்பால்குவிடம் மட்டும் காட்டிய கண்டிப்பு அல்ல இது. அதே ஹாலேயில் வோல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியர் 1721-ல் ஒரு சொற்பொழிவு செய்தார். கன்பூசியஸின் சீனர்கள் பைபிளை அறியாமலே நல்லொழுக்கத்தை அறிந்திருந்தார்கள் என்பது அதன் சாரம். பிராங்கேயின் கூட்டத்தார் கொதித்தெழுந்தார்கள். 1723-ல் பிரஷ்ய மன்னரின் உத்தரவு வந்தது: நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் தூக்கு. வோல்ஃப் போய்விட்டார்; அடுத்த மன்னர் பட்டத்துக்கு வந்த 1740-ல்தான் திரும்பினார். கீழ்த்திசை ஏடுகளை அத்தனை ஆவலோடு சேர்த்த ஊருக்குக் கீழ்த்திசையான் சரியாகவும் யோசித்திருக்கலாம் என்ற எண்ணம் பொறுக்கவில்லை. ஒரு நாவலுக்கு இது போதும். யாத்திரைக் கட்டுரைக்கு ஏன் போதவில்லை என்று தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை இழுப்பவை 99 கடிதங்கள். 1712 முதல் 1714 வரை மிஷனரிகள் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் எழுதி வாங்கினார்கள். மதம், சாதி, கல்யாணம், படிப்பு, வைத்தியம் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். பதில்களை ஜெர்மனியில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்ப, அவை அங்கே அச்சாயின. தாட்சண்யம் பார்க்காத பதில்கள். கிறிஸ்தவர்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒருவர் கணக்காகப் பதில் சொல்கிறார்: மாட்டைத் தின்கிறார்கள், குடித்து ஆடுகிறார்கள், கால் கழுவுவதில்லை. ஹாலேயின் பக்தர்கள் குளிர்காலத்தில் கணப்பருகே அமர்ந்து இதைப் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர்களைப் பற்றி நாம் சொன்ன அபிப்பிராயத்தை அவர்களே அச்சுக்கூலி கொடுத்துப் போட்டிருக்கிறார்கள்!

ஆனால் சிரித்து முடிக்க முடியவில்லை. எழுதியவர்களின் பெயரை அச்சில் நீக்கிவிட்டார்கள். தமிழ் மூலங்கள் இன்று இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு சாதாரணத் தமிழன், புலவனாக இல்லாமல், செய்யுளாக இல்லாமல், உரைநடையில் தன் வீட்டையும் சாமியையும் பற்றிச் சொன்ன வார்த்தைகள் அவை. உரைநடை எழுதிப் பிழைக்கும் என் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து எது? அதை நாம் ஜெர்மனிலோ, 1717-ல் வந்த ஆங்கிலப் பெயர்ப்பிலோதான் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அவன் எந்தச் சொல்லைப் போட்டான், ‘சாமி’ என்றானா ‘தேவர்’ என்றானா என்பது போனது போனதுதான்.

இன்னொருவனும் இருக்கிறான். 1714-ல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞனைக் கூட்டிப்போனார். அவன் ஹாலேயைப் பார்த்தான்; 1716-ல் அவரோடு ஊர் திரும்பினான். பழைய ஐரோப்பிய சர்வகலாசாலை ஊருக்குப் போய்வந்த முதல் தமிழர்களில் ஒருவன். அந்த ஊரின் குளிரும் சோறில்லாத சாப்பாடும் அவனுக்கு எப்படி இருந்தன, கோபுர மணியை அவன் கேட்டானா, தரங்கம்பாடியிலிருந்து போன ஏடுகளை அங்கே ஓர் அலமாரியில் கண்டபோது என்ன நினைத்தான் என்று நாம் எழுதவைத்திருக்கலாம். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனுக்குப் பின் போனவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், ஏ.கே. செட்டியார் போல நல்ல நடையில் எழுதியவர்களும் உண்டு. ஹாலேக்கு அடுத்து யாராவது போனால் கடிகாரத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்த 99 கடிதங்களில் மூன்றையாவது ஜெர்மன் தெரிந்தவரைக் கொண்டு தமிழாக்கி நூலின் கடைசியில் சேர்க்கட்டும். மாட்டுக்கறிக் கடிதம் அவசியம் வேண்டும்.