காலக்கெடுவும் சார்புநிலையும்: உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் முறையீடு குறித்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கவும் முறையீடுகளைத் தீர்க்கவும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை இக்கட்டுரை ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளரின் பாதிப்புக்குள்ளாகும் நிலையை இப்பனுவல் வெளிப்படையாக ஏற்கிறது. ஆயினும் காலக்கெடு, இடைக்கால நிவாரணம், பழிவாங்கல் தடை ஆகியவற்றை வகுக்கும் இடங்களில் அந்த ஏற்பு தொடரவில்லை. இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் வாய்ப்பு அப்பனுவலுக்குள்ளேயே உள்ளது என்பதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முறையீடு, உள்ளகப் புகார்க் குழு, நெறியாளர், ஆய்வாளர், காலக்கெடு, பழிவாங்கல், பாகுபாடு.

முன்னுரை

ஒரு குற்றத்துக்கு இடப்படும் பெயர், அதனை முறையிடும் முயற்சியின் முதற்படியாகும். சென்னையில் கல்லூரி மாணவி ஒருவரின் இறப்பைத் தொடர்ந்து 1998இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் முதலில் 'ஈவ் டீசிங்' என்னும் சொல்லைத் தன் பெயரில் தாங்கியிருந்தது. கேலி, சீண்டல் என்ற அளவில் செயலைச் சுருக்கிக் காட்டும் அச்சொல் பின்னர் நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என அதன் பெயர் திருத்தப்பட்டது. சொல் மாறியபோது, குற்றத்தின் எடையைச் சட்டம் மதிப்பிடும் முறையும் மாறியது எனலாம்.

எனினும் பெயரிடுதல் மட்டுமே முறையீட்டை இயலச் செய்துவிடாது. யாரிடம், எப்போது, எவ்வடிவில் முறையிடுவது, முறையிட்ட பின் முறையிட்டவரின் கல்வி வாழ்வு என்னவாகும் என்னும் வினாக்களுக்கு விதிகள் விடைதர வேண்டும். ஆய்வாளர் தம் நெறியாளர்மீது முறையிட நேரும்போது இவ்வினாக்கள் மேலும் கடுமையாகின்றன. அந்நிலையை முன்னிறுத்தியே கட்டுரை அமைகிறது.

பணியிடத்திலிருந்து வளாகத்துக்கு

விசாகா வழக்கில் 1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே இத்துறையின் தொடக்கப்புள்ளி. பேச்சுவழக்கில் இன்றும் புகார்க் குழு 'விசாகா கமிட்டி' என்றே வழங்குவது அத்தீர்ப்பின் செல்வாக்கைக் காட்டும். அவ்வழிகாட்டுதல்களின் அடியொற்றி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல் தனக்கென ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியர், மாணவர், அலுவலர் ஆகியோரின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் அதில் இடம்பெற்றனர். 2017இல் அது கலைக்கப்பட்டு உள்ளகப் புகார்க் குழு அதன் இடத்தைப் பெற்றது.

2013ஆம் ஆண்டின் பணியிடச் சட்டம் பணியளிப்பவர், பணியாளர் என்னும் உறவை அச்சாகக் கொண்டது. கல்வி நிறுவனமும் அதன் வரையறைக்குள் வரும். ஆனால் குழுவின் உள் உறுப்பினர்கள் பணியாளர்களே. மாணவருக்கு அதில் இடமில்லை. 2016 மே 2 அன்று அரசிதழில் வெளியான 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இக்குறையைக் களைந்தன. மாணவர் தொடர்பான முறையீடுகளில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூவர் குழுவில் இடம்பெறுவர். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத்தலைவர் போன்ற நிருவாகப் பொறுப்பினர் உறுப்பினராக இயலாது. ஆண் மாணவர், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோரின் பாதிப்பையும் பனுவல் கருத்தில் கொள்கிறது. சாதி, வர்க்கம், வட்டாரம், உடற்குறை, சிறுபான்மை அடையாளம், பாலீர்ப்பு ஆகியன பாதிப்பைப் பெருக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறது.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது, ஆய்வு மாணவர்கள் சிறப்பாகப் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்கள் என்பதால் ஆய்வு நெறிப்படுத்தலுக்கான அறநெறி வழிகாட்டுதல்களை ஒவ்வொரு நிறுவனமும் உருவாக்க வேண்டும் என்ற கட்டளையாகும். பனுவலின் சமூக அறிவு கூர்மை பெறும் இடம் இதுவே. அவ்வறிவு நடைமுறை விதிகளில் எந்த அளவுக்குச் செயல்படுகிறது என்பதே இனி எழும் வினா.

மூன்று மாதமும் ஆறு ஆண்டும்

நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துவழி முறையிட வேண்டும். தொடர் நிகழ்வுகளாயின் கடைசி நிகழ்விலிருந்து நாள் கணக்கிடப்படும். தக்க காரணத்தைப் பதிவுசெய்து குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். இதற்கு அப்பால் வழியில்லை. இது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு. ஒழுங்குமுறைகள் அதனை அவ்வாறே ஏற்கின்றன.

முனைவர் பட்டத்தின் கால அளவு வேறு. 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி அது குறைந்தது மூன்று ஆண்டுகள். பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை நீளலாம். இக்காலம் முழுவதும் பருவ அறிக்கை, உதவித்தொகைக்கான கையொப்பம், கட்டுரை வெளியீடு, ஆய்வேட்டின் ஒப்படைப்பு ஆகிய யாவும் நெறியாளரின் இசைவைச் சார்ந்தவை. பட்டம் பெற்ற பின்னரும் பரிந்துரைக் கடிதத்தின் வழி அச்சார்பு தொடர்கிறது. எனவே ஆய்வாளர் பேசத் துணியும் காலமும் சட்டம் பேச அனுமதிக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சார்புநிலை விளைவிக்கும் மௌனத்தைச் சட்டம் 'காலத்தாழ்வு' எனப் படிக்கிறது.

இதன் விளைவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று காட்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர்மீது அங்குப் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் முறையிட்டார். கடைசி நிகழ்வு 2023 ஏப்ரலில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்டது. முறையீடு அவ்வாண்டு டிசம்பரில் அளிக்கப்பட்டது. ஆறு மாத எல்லை கடந்துவிட்டதால் முறையீடு ஏற்கத்தக்கதன்று என்ற முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. இடையில் அவர் பொறுப்பொன்றிலிருந்து நீக்கப்பட்டமை நிருவாக நடவடிக்கையே, துன்புறுத்தலின் தொடர்ச்சியன்று எனவும் கருதியது. குற்றச்சாட்டின் உண்மை குழுவின் விசாரணைக்கு உட்படாமலே முறையீடு முடிவுற்றது. அதே வேளையில், தீர்ப்பினைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெறச் செய்யுமாறும் நீதிமன்றம் பணித்தது. வழக்கு முடிந்தும் வினா முடியவில்லை என்பதை நீதிமன்றமே உணர்ந்திருந்ததை இப்பணிப்பு காட்டுகிறது எனக் கொள்ள இடமுண்டு. நிரந்தரப் பணியில் உள்ள ஆசிரியைக்கே கெடு தடையாயின், உதவித்தொகையை நம்பி வாழும் ஆய்வாளரின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

காலவரம்புக்கு நியாயம் இல்லாமலில்லை. சான்றுகள் மறையும், எதிர்த்தரப்பினர் எக்காலத்தும் குற்றச்சாட்டின் நிழலில் வாழ இயலாது. எனினும் அவ்வரம்பு இருதரப்பும் விலகிச் செல்லக்கூடிய உறவை மனத்திற்கொண்டது. விலகிச் செல்ல இயலாத உறவுக்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்துவதே சிக்கல்.

நெறியாளர் மாற்றமும் 'பிற காரண'மும்

விசாரணைக் காலத்தில் முறையீட்டாளரையோ எதிர்த்தரப்பினரையோ வேறு துறைக்கு மாற்றலாம். மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்கலாம். எதிர்த்தரப்பினர் முறையீட்டாளரின் பணியையும் தேர்வையும் மதிப்பிடாதவாறு தடுக்கலாம். இம்மூன்றில் இறுதியானதே மாணவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அதுவும் தேர்வு எழுதும் மாணவருக்கே முழுமையாகப் பொருந்தும். ஆய்வாளரைப் பொறுத்தவரை வேறு துறைக்கு மாறுதல் என்பது ஆய்வுப்பொருளையே இழப்பதாகும். மதிப்பீட்டுத் தடையும் எளிதன்று. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, தமிழகப் பல்கலைக்கழகங்களில் டாக்டரல் கமிட்டி என வழங்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டுநர் நெறியாளரே. அவரை விலக்கினால் குழுவைக் கூட்டுபவர் யார், பருவ அறிக்கையில் கையொப்பமிடுபவர் யார் என்பனவற்றை இரு விதித்தொகுப்புகளும் இணைத்துச் சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டு விதிகளில் மற்றொரு பகுதியும் கருதத்தக்கது. பெண் ஆய்வாளர் திருமணம் அல்லது பிற காரணத்தால் இடம்பெயர நேர்ந்தால், ஆய்வுத் தரவுகளை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல அது இசைகிறது. நிதியுதவி பெற்ற திட்டத்தைச் சார்ந்த ஆய்வுக்கு இச்சலுகை இல்லை. முந்தைய நெறியாளருக்கு உரிய நன்மதிப்பை ஆய்வாளர் வழங்கவும் வேண்டும். ஒரு பெண் ஆய்விடத்தை விட்டு விலகுவதற்கு விதி பெயர்சொல்லி ஏற்கும் காரணம் திருமணம் மட்டுமே. துன்புறுத்தல் காரணமாக விலகுபவர் 'பிற காரணம்' என்னும் பெயரற்ற சொல்லுக்குள் ஒதுங்க வேண்டியவராகிறார். தாம் விலகி வந்தவருக்கே நன்றி பதிவுசெய்ய வேண்டியவராகவும் ஆகிறார். இரு பனுவல்களும் ஒரே அமைப்பினால் வெளியிடப்பட்டவை. ஒன்றன் அறிவு மற்றொன்றைச் சென்றடையவில்லை.

பழிவாங்கலும் பாகுபாடும்

முறையிட்டவருக்கும் சாட்சி கூறியவருக்கும் எதிரான பழிவாங்கலை 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடைசெய்கின்றன. ஆனால் அதனை எவ்வாறு அறிவது, யார் எத்தனை நாளில் முடிவுசெய்வது என்பதற்குத் தனி நடைமுறை வகுக்கப்படவில்லை. ஆய்வுத்துறையில் பழிவாங்கல் பெரும்பாலும் செய்யாமையாகவே நிகழும். இயல் திருத்தப்படாமல் மேசையில் கிடக்கும். கருத்தரங்கச் செய்தி தெரிவிக்கப்படாது. கூட்டுக் கட்டுரையில் பெயர் விடுபடும். ஒவ்வொன்றுக்கும் கல்விசார்ந்த ஒரு விளக்கம் தரமுடியும். நிருவாக நடவடிக்கை வேறு, துன்புறுத்தல் வேறு என்ற பகுப்பு உறுதிப்பட்டுள்ள நிலையில், இச்செய்யாமைகளைக் கேட்பதற்கு உரிய மன்றம் தெளிவாக இல்லை.

பாலினப் பாகுபாட்டின் நிலையும் இதுவே. திருமணமான பெண்ணை ஆய்வாளராக ஏற்கத் தயங்குவதும், களப்பணிக்கு ஆண்களையே அனுப்புவதும் பாலியல் தன்மை கொண்ட செயல்கள் அல்ல. ஆதலால் புகார்க் குழுவின் எல்லைக்குள் அவை எளிதில் அடங்கா. 2012ஆம் ஆண்டின் சமத்துவ ஒழுங்குமுறைகள் பாலினத்தையும் பாகுபாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டு, சம வாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரையும் ஏற்படுத்தின. ஆனால் அனுபவம் இவ்வாறு இரண்டாகப் பிரிந்து நிகழ்வதில்லை. களப்பணி மறுக்கப்பட்டவரும் தகாத பேச்சுக்கு ஆளானவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். அவர் தம் அனுபவத்தைப் பிளந்து இரு வாயில்களில் முறையிட வேண்டும் என்று அமைப்பு எதிர்பார்க்கிறது.

விசாரணையின் நேர்மை

முறையீட்டாளரின் நலன் விரைவில் மட்டும் அடங்கியதன்று. கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தொடர்பான வழக்கில், விசாரணை அளவுகடந்த அவசரத்தில் நடத்தப்பட்டு இயற்கை நீதி மீறப்பட்டதென 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிநீக்க ஆணை நீக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் விசாரணை 2009ஆம் ஆண்டு மே மாத நிலைக்கே திரும்பியது. எதிர்த்தரப்பினருக்கு உரிய வாய்ப்பை மறுக்கும் குழு, முறையிட்ட மாணவிகளுக்கும் நீதியை மறுத்துவிடுகிறது என்பதே இதன் பாடம். புகார்க் குழுவினருக்கு விசாரணை முறையில் பயிற்சி அளிப்பது இருதரப்புக்குமான தேவையாகும்.

முடிவுரை

2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முறையீட்டை நாள் குறித்துச் சொல்லத்தக்க நிகழ்வாகவே காண்கின்றன. ஆய்வாளரின் அனுபவமோ நீடிக்கும் உறவுக்குள் நிகழ்வது. காலவரம்பை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பணி. ஆனால் அதுவரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வு நெறிப்படுத்தலுக்கான அறநெறி வழிகாட்டுதல்களை உருவாக்கும் கட்டளை முன்னரே உள்ளது. அதற்கு மூன்று மாதக் கெடு இல்லை. பணியிடச் சட்டமும் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே தவிர அவற்றை விலக்குவதன்று.

அவ்வழிகாட்டுதல்களில் மூன்று கூறுகளேனும் இடம்பெறுதல் வேண்டும். காரணத்தை வெளியிட வேண்டிய கட்டாயமின்றி நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை முதலாவது. முறையீட்டுக் காலத்தில் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு மாற்றுக் கூட்டுநரை அமர்த்தும் நடைமுறை இரண்டாவது. முடிவுக்குப் பின்னும் ஆய்வேடு ஒப்படைக்கப்படும்வரை ஆய்வு முன்னேற்றத்தைத் துறைக்கு வெளியேயுள்ளவர் கண்காணிக்கும் ஏற்பாடு மூன்றாவது. இவை எவர்மீதும் குற்றத் தீர்ப்பு வழங்குவன அல்ல. ஆதலால் விசாரணைக்கு மாற்றாகவும் ஆகமாட்டா. பட்டத்தை இழக்காமல் பேச முடியும் என்ற உறுதியை மட்டுமே அவை தரும். அவ்வுறுதி இல்லாத வளாகத்தில், வராத முறையீடுகளைக் கொண்டு துன்புறுத்தல் இல்லை என்று முடிவுசெய்ய இயலாது.