கையை எடுத்தபின் என்ன? – சி.என்.சி. கிட்கள் பற்றி

சீக் எக்ஸ்2 மாதிரியான சின்ன மில்லிங் மெஷினை சி.என்.சி. ஆக்கித் தரும் கிட்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. மூன்று ஸ்டெப்பர் மோட்டார், டிரைவர்கள், பால் ஸ்க்ரூ, மாட்டுவதற்கான தகடுகள். கைச்சக்கரத்தைக் கழற்றி மோட்டாரை மாட்டினால், கம்ப்யூட்டர் சொன்னபடி டேபிள் நகரும். கூடவே "0.0025 மி.மீ. துல்லியம்" என்கிற மாதிரி ஒரு எண். என் விமர்சனம் அந்த எண்ணைப் பற்றித்தான்.

அது வரும் வழி எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தால் 2000. ஒரு சுற்றுக்கு ஸ்க்ரூ டேபிளை 5 மி.மீ. தள்ளும். 5-ஐ 2000-ஆல் வகுத்தால் 0.0025. கணக்கு சரி, பெயர்தான் தப்பு. இது நாம் கொடுக்கும் கட்டளையின் நுணுக்கம். டேபிள் போய் நிற்கும் இடத்தின் துல்லியம் இல்லை. இந்த வகை கிட்களில் பரவலாக வரும் சி7 தர ஸ்க்ரூவிலேயே 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை அனுமதி உண்டு. அதாவது 20 மடங்கு.

அடுத்தது ப்ளே. பழைய ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு மோட்டார் மட்டும் மாட்டும் மலிவு கிட்டும் இருக்கிறது. திசை மாறும்போது மரைக்கும் நட்டுக்கும் உள்ள இடைவெளியை மென்பொருள் ஈடுகட்டிவிடும் என்பார்கள். சும்மா நகரும்போது ஈடுகட்டும். வெட்டும்போது கட்டரே ஜாப்பைத் தன் பக்கம் இழுத்தால், அந்த இடைவெளி அளவுக்கு டேபிள் குதிக்கும். வட்டம் வெட்டிப் பாருங்கள், திசை மாறும் நாலு இடத்திலும் தழும்பு தெரியும்.

கையால் ஓட்டுகிறவர் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்? ஒரே பக்கத்திலிருந்து டேபிளைக் கொண்டுவருவார். கிப்பை இறுக்கி, அசையக்கூடாத அச்சைப் பூட்டுவார். சக்கரம் கனத்தால் வேகத்தைக் குறைப்பார். அந்தக் கைதான் மெஷினின் ஃபீட்பேக். கிட் முதலில் கழற்றிப் போடுவது அதைத்தான்.

1952-இல் எம்.ஐ.டி. காட்டிய முதல் எண்வழி மில்லிங் மெஷினும் ஒரு மாற்று வேலைதான்: சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற மெஷினை எடுத்துச் செய்தது. செய்தவர்கள் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தார். மெஷின் எங்கே நிற்கிறது என்று திரும்பக் கேட்டுத் திருத்துவதுதான் அவர்கள் தொழில். சாதாரண ஸ்டெப்பர் கிட் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், அனுப்பிய மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத புரோகிராம். மோட்டாரின் பின்னால் என்கோடர் வைத்த கிட்டும் மோட்டாரைத்தான் பார்க்கிறது, டேபிளை இல்லை.

அதற்காகக் கிட் வீண் என்று சொல்லவரவில்லை. இரண்டு கையால் ஓட்டவே முடியாத வளைவுகளை அது அலுக்காமல் வெட்டும். ஒரே மாதிரி ஐம்பது துளை போடும். அலுமினியத்தில் நிதானமாக வெட்டினால் நல்ல வேலை வரும். ஆனால் எக்ஸ்2-வின் சாயும் தூண் ஒற்றைப் பெரிய நட்டில் நிற்கிறது. அந்த ஆட்டத்தை எந்த மோட்டாரும் சரிசெய்யாது.

வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்க்ரூ என்ன தரம்? நட்டுக்கு முன்னழுத்தம் உண்டா? ஸ்க்ரூவின் முனையில் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கா, சாதாரண பேரிங்கா? பதில் சொல்லாமல் மறுபடி 0.0025 என்றால், அந்தப் பணத்தில் முதலில் ஒரு நல்ல டயல் கேஜ் வாங்குங்கள். அதை டேபிள்மேல் வைத்தால், இருக்கிற மெஷின் எவ்வளவு ஆடுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.